பால் புரத மரபணுவும் பசுவின் வாழ்நாள் பாலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஏ2 காளை ஊசி இருக்குங்களா?" சினை ஊசி போடப் போகும் வீடுகளில் இப்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி இதுதான். முன்பு "இந்தக் காளைக்குப் பிறக்கிற கிடேரி எவ்வளவு கறக்கும்?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. பால் புரத மரபணு பற்றி விற்பவர்கள் சொன்னது மட்டும்தான் அவர்கள் காதுக்கு வந்திருக்கிறது. அந்த மரபணுவுக்கும், ஒரு பசு எத்தனை ஈத்து (கன்று போட்டுக் கறக்கும் சுற்று) நின்று மொத்தம் எவ்வளவு பால் கொடுக்கிறது என்பதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. ஒரு கால்நடை மருத்துவராக நான் கொட்டகை வாசலில் நின்று சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பால் புரத மரபணு என்றால் என்ன?

பசும்பாலில் நூற்றுக்கு மூன்றே கால், மூன்றரை பங்கு புரதம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். பால் திரியும்போது கட்டியாகச் சேர்வது இதுதான். மீதி, தெளிந்து நிற்கும் நீரில் கரைந்திருக்கும் மோர்ப்புரதம். கேசீனில் நான்கு வகை: ஆல்ஃபா எஸ்1, ஆல்ஃபா எஸ்2, பீட்டா, காப்பா. மோர்ப்புரதத்தில் முக்கியமானவை பீட்டா லாக்டோகுளோபுலின், ஆல்ஃபா லாக்டால்புமின் இரண்டும்.

ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மரபணு. அந்த மரபணு எல்லா மாட்டிலும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. ஒரே ஊர்ப் பெயரை ஒருவர் ஒற்றெழுத்தோடும் இன்னொருவர் அது இல்லாமலும் எழுதுவதைப் போல, ஓரிரு எழுத்து மாறியிருக்கும். அந்த மாற்றங்களைத்தான் ஏ, பி, ஏ1, ஏ2 என்று பெயரிட்டு அழைக்கிறோம். இதில் ஏ1, ஏ2 என்பவை பீட்டா கேசீனின் வகைகள். தாயிடமிருந்து ஒன்று, காளையிடமிருந்து ஒன்று என்று ஒரு மாட்டுக்கு இரண்டு பிரதிகள். அதனால்தான் ஏ1ஏ1, ஏ1ஏ2, ஏ2ஏ2 என்று இரட்டையாக எழுதுகிறோம். ஏ1ஏ2 மாட்டின் பாலில் இரண்டு வகைப் புரதமும் கலந்தே இருக்கும். ஒன்று மற்றொன்றை மறைக்காது.

இது நேற்று முளைத்த விஷயம் இல்லை. 1950-களிலேயே இங்கிலாந்தில் அஷாஃபென்பர்க், டிரூரி என்ற இருவர் பீட்டா லாக்டோகுளோபுலினில் இரண்டு வகை உண்டு என்றும், அது பரம்பரையாக வருவது என்றும் காட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து விஞ்ஞானிகள் கேட்டுவரும் கேள்வி ஒன்றுதான்: இந்த வகையைப் பார்த்தே நல்ல மாட்டைத் தேர்ந்தெடுத்துவிட முடியுமா?

வாழ்நாள் உற்பத்தி என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்பது போதாதா?

போதாது. சந்தையில் தரகர் சொல்லும் லிட்டர் கணக்கு, கன்று போட்டு ஒன்றரை மாதத்தில் கறக்கும் உச்சத்தைத்தான் சொல்கிறது. கிடேரியாக வளர்த்த இரண்டரை வருடச் செலவு, வற்றிய காலம், சினை பிடிக்காமல் நின்ற மாதங்கள் எதுவும் அதில் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கிடேரிகள், இரண்டும் 30-ஆம் மாதத்தில் முதல் கன்று போடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் மாடு ஒரு ஈத்தில் 300 நாள், சராசரியாக நாளுக்கு 12 லிட்டர். ஆனால் இரண்டு ஈத்தோடு சினை பிடிக்காமல் போய்விட, 60-ஆம் மாதத்தில் விற்றுவிடுகிறார்கள். மொத்தம் 7,200 லிட்டர். பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டால் வாழ்ந்த நாள் ஒன்றுக்கு 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

இரண்டாவது மாடு சராசரி 8 லிட்டர்தான். ஆனால் 14 மாதத்துக்கு ஒரு கன்று என்று ஏழு ஈத்து நிற்கிறது. மொத்தம் 16,800 லிட்டர். வாழ்ந்த நாள் ஒன்றுக்கு 4.3 லிட்டர். கூடவே இரண்டு கன்றுக்குப் பதில் ஏழு கன்று. கிடேரியை வளர்த்த காசும் பெரும்பாலும் இரண்டாம் ஈத்தில்தான் திரும்ப வருகிறது. அப்படியென்றால் முதல் மாடு தன் கடனை அடைத்த கையோடு கொட்டகையை விட்டுப் போய்விட்டது.

இதன் உச்சிக்கு ஒரு உதாரணம் கனடாவில் உண்டு. ஒன்டாரியோ மாகாணத்தில் ஸ்மர்ஃப் என்ற ஹோல்ஸ்டீன் பசு 2012-இல் 2,16,891 கிலோ பால் என்ற வாழ்நாள் சாதனையோடு கின்னஸில் இடம்பெற்றது. அப்போது அதற்குப் பதினைந்து வயது. அதிகம் கறந்ததோடு, அத்தனை வருடம் மடியும் காலும் கெடாமல் நின்றதுதான் அந்தச் சாதனை.

சரி, நல்ல புரத மரபணு உள்ள மாடு அதிக ஈத்து நிற்குமா?

எல்லோரும் கேட்க வருவது இதைத்தான். நேரடியாகவே சொல்கிறேன்: புரத மரபணு, பால் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லும். மாடு எத்தனை வருடம் நிற்கும் என்பதைச் சொல்லாது.

காரணம் இருக்கிறது. கறவை மாடு கொட்டகையை விட்டுப் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம்தான்: சினை பிடிக்காமை, மடிநோய், குளம்பும் காலும் கெடுவது. நம் ஊரில் இவற்றோடு உண்ணிக் காய்ச்சல், கோமாரி, தோல் கழலை நோய் எல்லாம் சேரும். பீட்டா கேசீனின் 67-ஆம் இடத்தில் இருப்பது ஹிஸ்டிடினா புரோலினா என்பதற்கும் (ஏ1-க்கும் ஏ2-க்கும் உள்ள முழு வித்தியாசமும் அந்த ஒரு அமினோ அமிலம்தான்) குளம்பில் புண் வருவதற்கும் உடலுக்குள் நேரடி வழி எதுவும் இல்லை. கேசீன் மரபணு வேலை செய்யும் இடம் மடி. கருப்பையிலோ குளம்பிலோ அதற்கு வேலை இல்லை.

மரபுவழித் திறன் என்ற கணக்கும் இதையே சொல்கிறது. மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு பரம்பரையால் வருகிறது என்பதே அந்தக் கணக்கு. பாலின் புரத சதவீதத்தில் ஏறக்குறைய பாதி பரம்பரை. பால் அளவில் மூன்றில் ஒரு பங்கு போல. கொட்டகையில் எத்தனை காலம் நிற்கிறது என்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பத்தில் ஒரு பங்கையும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் பிரித்துக்கொள்கின்றன. மீதி ஒன்பது பங்கு தீவனம், நிழல், தண்ணீர், சரியான நேரத்தில் ஊசி, மடியைத் துடைக்கும் துணி. அதாவது நம் கை.

ஆனால் சில ஆராய்ச்சிகளில் தொடர்பு இருப்பதாகப் படித்தேனே?

நானும் படித்திருக்கிறேன். 1980-களில் இருந்து பல நாடுகளில் புரத வகைகளை முதல் ஈத்துப் பாலோடும், பின்னர் வாழ்நாள் பாலோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு மந்தையில் ஒரு வகை மேல் என்று வரும், இன்னொரு மந்தையில் தலைகீழாக வரும். அதைப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஏன் அப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் போதும்.

முதலில், நான்கு கேசீன் மரபணுக்களும் ஆறாவது குரோமோசோமில் ஒரே சந்தில் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருக்கின்றன. மொத்தச் சந்தின் நீளமே சுமார் இரண்டரை லட்சம் எழுத்துதான். அதனால் அவை பெரும்பாலும் மொத்தமாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. பீட்டா கேசீன் ஏ2-ஆல் வந்தது என்று நாம் நினைக்கும் பலன், பக்கத்து வீட்டுக் காப்பா கேசீனின் வேலையாக இருக்கலாம். இரண்டாவது, ஒரு மந்தையில் பாதி மாடுகள் ஒரே காளையின் மகள்களாக இருந்தால், அந்தக் காளையின் மற்ற நல்ல குணங்களும் கெட்ட குணங்களும் எல்லாம் அதன் கேசீன் வகையின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் ஈத்தில் கறவை குறைந்த மாட்டைப் பண்ணைக்காரர் விற்றுவிடுகிறார். ஆக, 'நீண்ட நாள் நின்ற மாடு' என்பது பல இடங்களில் 'பண்ணைக்காரர் வைத்துக்கொள்ள விரும்பிய மாடு'. ஆயுள் என்று அளப்பதில் பாதி, மனிதனின் முடிவு.

கேசீன் மரபணுவுக்குப் பக்கத்தில் மடிநோய் மரபணு இருக்கிறது என்கிறார்களே?

இது உண்மை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் சுவாரசியமான இடமும் இதுதான். கேசீன் சந்திலிருந்து கொஞ்ச தூரத்தில், அதே ஆறாவது குரோமோசோமில், ஜிசி என்றொரு மரபணு இருக்கிறது. இரத்தத்தில் வைட்டமின் டி-யைச் சுமந்து செல்லும் புரதத்தை அது உருவாக்குகிறது. ஐரோப்பிய மாடுகளில், ஹோல்ஸ்டீன் உட்பட, அந்த இடத்துக்கும் மடிநோய்க்கும் தொடர்பு இருப்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. அங்கே ஒரு துண்டு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பிரதியாகியிருக்கும் மாடுகளில் மடிநோய் வாய்ப்பு கூடுகிறது.

மடிநோயைக் கூட்டும் அதே வடிவம் பாலையும் கொஞ்சம் கூட்டுகிறது. அதனால் பல தலைமுறையாகப் பாலை மட்டும் பார்த்துக் காளை தேர்ந்தெடுத்தவர்கள் தெரியாமலேயே மடிநோயையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். புரத மரபணுவுக்கும் வாழ்நாள் உற்பத்திக்கும் உயிரியல் முறையில் ஒரு தொடர்பைச் சொல்ல வேண்டுமானால், கேசீனைவிட இந்த அக்கம்பக்கத்தைத்தான் நான் காட்டுவேன். ஒரு கேசீன் வகையை மட்டும் பிடித்து இழுத்தால் பக்கத்தில் இருப்பதும் கூடவே வரும். அது நல்லதா கெட்டதா என்பது காளைக்குக் காளை மாறும்.

ஏ2 மாடு கறவை குறைவாகத்தான் இருக்குமா?

இல்லை. இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம், ஏ2 என்றதும் நமக்கு நாட்டு மாடு ஞாபகம் வருவதுதான். காங்கேயம் மாடு குறைவாகக் கறப்பது ஏ2 என்பதால் இல்லை. அந்த மாட்டை நம் முன்னோர்கள் ஏருக்கும் வண்டிக்கும் கிணற்றில் கவலை பூட்டி நீர் இறைக்கவும் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். பாலுக்காக அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வெளிநாட்டு ஹோல்ஸ்டீனிலும் ஏ2ஏ2 மாடுகள் ஏராளம், அவை நன்றாகவே கறக்கின்றன. கர்ன்சி இனத்தில் ஏ2-தான் பெரும்பான்மை. ஜெர்சியிலும் ஹோல்ஸ்டீனைவிட ஏ2 அதிகம்.

காப்பா கேசீன் பிபி என்று காளைப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அது என்ன?

கேசீன் பாலில் தனித்தனியாக மிதப்பதில்லை. நுண்ணிய உருண்டைகளாகச் சேர்ந்திருக்கும். அந்த உருண்டையின் மேல் மெல்லிய முடி போல நீட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது காப்பா கேசீன். சீஸ் செய்யும்போது ரென்னெட் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். அது காப்பா கேசீனின் 105, 106-ஆம் அமினோ அமிலங்களுக்கு இடையில் வெட்டி, அந்த முடியைச் சிரைத்துவிடுகிறது. முடி போனதும் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும், பால் கட்டியாகும்.

பி வகை உள்ள பாலில் காப்பா கேசீன் கொஞ்சம் அதிகம், உருண்டைகள் சிறியவை. அதனால் சீக்கிரம் உறைகிறது, கட்டி இறுகுகிறது, அதே அளவு பாலில் கூடுதல் சீஸ் கிடைக்கிறது. ஜெர்சி, பிரவுன் சுவிஸ் இனங்களில் பி அதிகம். ஹோல்ஸ்டீனில் ஏ அதிகம், கூடவே சீஸுக்கு ஆகாத இ வகையும் இருக்கிறது. பீட்டா லாக்டோகுளோபுலினிலும் இதே கதைதான்: பிபி மாட்டுப் பாலில் கேசீனின் பங்கு கூடுதல், ஏஏ மாட்டில் மோர்ப்புரதத்தின் பங்கு கூடுதல். சீஸ் ஆலைக்குப் பால் ஊற்றும் இத்தாலிய விவசாயிக்கு இது காசு.

நம் ஊரில் பன்னீர் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பன்னீருக்குப் பாலைச் சூடாக்கி எலுமிச்சையோ வேறு அமிலமோ சேர்த்துத் திரிக்கிறோம், ரென்னெட் கிடையாது. அங்கே காப்பா கேசீன் வகையைவிட மொத்தப் புரதமும் கொழுப்பும்தான் பன்னீரின் எடையைத் தீர்மானிக்கும்.

சொசைட்டியில் பால் ஊற்றும் எனக்கு இதனால் என்ன லாபம்?

இன்றைய நிலையில், விலையில் ஒன்றும் இல்லை. காலை ஐந்தரை மணிக்குத் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிறீர்கள். செயலாளர் பாலை ஊற்றி லாக்டோமீட்டரை விடுகிறார், அது மிதந்து நிற்கும் கோட்டைப் படிக்கிறார், கொழுப்பு அளவோடு சேர்த்து எஸ்.என்.எஃப் கணக்குப் போடுகிறார். எஸ்.என்.எஃப் என்பது கொழுப்பு நீங்கலான மற்ற சத்து எல்லாம்: புரதம், பால் சர்க்கரை, தாது உப்பு. அந்த மூன்றில் பெரிய பங்கு பால் சர்க்கரைக்குத்தான். உங்கள் மாட்டின் கேசீன் எந்த வகை என்று அந்தச் சீட்டில் எங்கும் வராது.

அப்படியானால் பால் புரதத்துக்கும் மாட்டின் ஆயுளுக்கும் தொடர்பே இல்லையா?

இருக்கிறது. ஆனால் எந்த வகை என்பதில் இல்லை, எவ்வளவு என்பதில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கன்று போட்ட முதல் இரண்டு மாதம் மாடு தின்பதைவிட அதிகமாகக் கறக்கும். மீதிக்கு உடம்பில் இருக்கும் கொழுப்பைக் கரைக்கிறது. முதுகெலும்பு தெரியத் தொடங்கும், இடுப்பெலும்பு ஆப்பு மாதிரி நீட்டிக்கொண்டு வரும். வயிற்றில் போதுமான மாவுச்சத்து இல்லாதபோது நுண்ணுயிர்கள் புரதம் கட்டுவது குறைகிறது, பாலில் புரத சதவீதம் இறங்குகிறது. அதே நேரம் கரைந்த உடல் கொழுப்பு பாலில் ஏறுகிறது. கொழுப்பைப் புரதத்தால் வகுத்துப் பாருங்கள். 1.5-ஐத் தாண்டினால் மாடு பட்டினியில் கறக்கிறது என்று அர்த்தம். வெளியே தெரியாத கீட்டோசிஸ் (உடல் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வரும் நோய்) அங்கேதான் ஒளிந்திருக்கும். கொழுப்பு ஏறியதைப் பார்த்து விலை கூடுதலாக வருகிறதே என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அந்தச் சீட்டைப் பார்த்தால் கவலைதான் வரும்.

அந்தப் பட்டினியில் இருக்கும் மாடு சரியாகப் பருவத்துக்கு வராது. வந்தாலும் அறிகுறி மங்கலாக இருக்கும். ஊசி போட்டாலும் நிற்காது. ஆஸ்திரேலியாவில் பல மந்தைகளில் பார்த்ததில், பாலில் புரத சதவீதம் அதிகமுள்ள மாடுகள் சீக்கிரம் சினை பிடித்தன. இதில் தீவனத்தின் பங்கும் உண்டு, மரபின் பங்கும் உண்டு. சினை பிடித்த மாடுதான் அடுத்த ஈத்துக்கு நிற்கும். பிடிக்காத மாடு தரகரின் வண்டியில் ஏறும். ஆறு வருடக் கறவைக் காலத்தில் 13 மாதத்துக்கு ஒரு கன்று போடும் மாடு ஐந்து ஈத்தைத் தாண்டும். 18 மாதத்துக்கு ஒன்று என்றால் நான்குதான்.

ஆகவே உங்கள் பால் மையத்தில் புரதத்தைக் காட்டும் கருவி இருந்தால் கன்று போட்ட மாட்டுக்கு வாரம் ஒருமுறை அதைக் குறித்து வையுங்கள். அடர்தீவனத்தில் மக்காச்சோளமோ கம்போ கொஞ்சம் கூட்டி, தாது உப்பைத் தவறாமல் கொடுத்து, அந்த எண் ஏறுகிறதா என்று பாருங்கள். மாவுத் தீவனத்தை ஒரே நாளில் அள்ளிக் கொட்டிவிடாதீர்கள், வயிறு புளித்து வேறு நோய் வரும். பத்து நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

இன்னொன்று. மடிநோய் வந்த மாட்டின் பாலில் கேசீனை உடைக்கும் நொதிகள் கூடிவிடும். மரபணுவில் எவ்வளவு நல்ல வகை எழுதியிருந்தாலும், மடி கெட்டால் அந்தக் கேசீன் உடைந்துதான் வெளியே வரும்.

நாட்டு மாடு எல்லாம் ஏ2-தானா? எருமை?

கிட்டத்தட்ட எல்லாம் அப்படித்தான். ஏ2-தான் பழைய வடிவம். ஏ1 ஐரோப்பிய மாடுகளில் பிற்காலத்தில் தோன்றிப் பரவிய மாற்றம். திமில் உள்ள இந்திய இனங்களில் ஏ2 மிகப் பெரும்பான்மை. எருமையும் அப்படியே. ஆனால் திமிலைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. இரண்டு தலைமுறைக்கு முன் ஜெர்சி ஊசி விழுந்திருந்தால் ஏ1 உள்ளே வந்திருக்கலாம்.

நாட்டு மாட்டின் நீண்ட ஆயுளை ஏ2-இன் கணக்கில் எழுதுவதும் சரியில்லை. வெயில் தாங்கும் தோல், உண்ணிக்கு இடம் கொடுக்காத உடம்பு, காய்ந்த தட்டையைத் தின்று செரிக்கும் வயிறு, கல் போன்ற குளம்பு: அதன் ஆயுள் இவற்றில் இருக்கிறது. உம்பளச்சேரி மாடு காவிரிப் படுகைச் சேற்றில் நின்று உழுதது கேசீனால் இல்லை.

ஏ2 பால் குடித்தால் உடம்புக்கு நல்லதா?

இந்தப் பக்கத்தின் விஷயம் மாடுதான், அதனால் சுருக்கமாக. ஏ1 புரதம் செரிக்கும்போது பிசிஎம்-7 என்ற சிறு துண்டு அதிகம் வருகிறது. அது நோய்களை உண்டாக்குகிறதா என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் ஆராய்ந்து, அப்படிக் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொன்னது. சிலருக்கு வயிற்று உபாதை குறைவதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவருக்கு ஏ2 பாலிலும் அதே சர்க்கரைதான். பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஏ2 பாலும் ஆபத்துதான். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் பாக்கெட்டுகளில் ஏ1, ஏ2 என்று போடுவதை நீக்கச் சொல்லி, சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆட்டிலும் இப்படி உண்டா?

ஆட்டில்தான் இது பெரிய விஷயம். வெள்ளாட்டில் ஆல்ஃபா எஸ்1 கேசீன் மரபணுவின் சில வகைகள் அந்தப் புரதத்தை நிறைய உண்டாக்கும், சில மிகக் குறைவாக, ஒரு வகை சுத்தமாக உண்டாக்காது. பிரான்ஸில் சீஸுக்காகக் கிடா தேர்ந்தெடுக்கும்போது இதைப் பார்த்தார்கள், பலன் கண்ணுக்குத் தெரிந்தது. மாட்டில் ஒரே கேசீன் வகையால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவதில்லை.

என் மாடு எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வால் நுனி முடி கொஞ்சம், வேரோடு பிடுங்கியது போதும். வெட்டிய முடியில் வேர் இருக்காது, அது உதவாது. இரத்தத்திலும் பார்க்கலாம். மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் டிஎன்ஏவைப் பிரித்துச் சொல்வார்கள். உறையில் மாட்டின் காதுத்தோட்டில் இருக்கும் 12 இலக்க எண்ணை எழுதுங்கள். வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும், வயதானாலும் வகை மாறாது.

ஆனால் பத்து மாடு வைத்திருக்கும் ஒருவர் எல்லாவற்றுக்கும் இந்தப் பரிசோதனை செய்வதைவிட, காளையின் வகையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல். இன்னும் விரிவான வழியும் வந்துகொண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய அரசு மாட்டுக்கு 'கௌ சிப்', எருமைக்கு 'மகிஷ் சிப்' என்ற மரபணுச் சில்லுகளை வெளியிட்டது. ஒரே பரிசோதனையில் ஆயிரக்கணக்கான இடங்களைப் படித்து, கிடேரி கன்றாக இருக்கும்போதே அதன் திறனை மதிப்பிடுவதற்கானவை அவை. ஒற்றைக் கேசீன் மரபணுவைத் தனியாகப் பார்ப்பதைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

காளை ஊசி தேர்ந்தெடுக்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

முதலில் உங்கள் தாய்மாட்டின் குறை என்ன என்று பாருங்கள். மடி தொங்குகிறதா, பின்னங்கால் வளைவு சரியில்லையா, சினை பிடிக்கத் தாமதமா? அந்தக் குறையை நிரப்பும் காளை எது என்று கேளுங்கள். மகள்கள் எத்தனை ஈத்து நின்றன என்ற விவரம் உள்ள காளை கிடைத்தால் பொன் மாதிரி. அப்புறம் நெருங்கிய உறவு. தாய்க்குப் போட்ட காளையின் ஊசியையே மகளுக்கும் போடுவது கிராமங்களில் சாதாரணமாக நடக்கிறது. காளை எண்ணை யாரும் எழுதி வைப்பதில்லை, அதுதான் காரணம். உறைவிந்துக் குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை ஒரு பழைய டைரியில் எழுதுங்கள். இதெல்லாம் பார்த்து இரண்டு காளைகள் சமமாக நின்றால், அதில் ஏ2ஏ2 எது, காப்பா கேசீன் பிபி எது என்று பாருங்கள். கேசீனுக்கு நான் கொடுக்கும் இடம் அதுதான்.

பரிசோதனையில் என் மாடு ஏ1ஏ1 என்று வந்துவிட்டது. விற்றுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். காங்கேயம் பக்கத்தில் ஒரு வயதான அம்மாவிடம் ஒரு ஜெர்சி கலப்பு மாடு இருந்தது. கொம்பின் அடியில் கன்று போட்ட வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், விரலால் தடவி எண்ணலாம். "எட்டு ஈத்து போட்டுருச்சுங்க தம்பி, ஒரு தடவைகூட மடி கல்லாகலீங்க" என்பார். கறந்து முடித்ததும் காம்பைக் கழுவித் துடைத்துவிட்டு, மாடு உடனே படுத்துவிடாமல் இருக்கப் பசும்புல்லை முன்னால் போட்டுவிடுவார். காம்புத் துளை மூடும்வரை மாடு நின்றுகொண்டிருக்கும். பட்டணத்தில் ஏ2 பால் விற்கத் திட்டமிட்ட பேரன் அதைப் பரிசோதித்தார், ஏ1ஏ1 என்று வந்தது. விற்றுவிடச் சொன்னார். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

நான் பேரனிடம் சொன்னது இதுதான். இந்த மாட்டுக்கு ஏ2ஏ2 காளையின் ஊசி போட்டால் பிறக்கும் கன்று கட்டாயம் ஏ1ஏ2. அந்தக் கிடேரிக்கும் ஏ2ஏ2 காளை போட்டால், பிறப்பதில் பாதிக்கு ஏ2ஏ2 ஆக வாய்ப்பு உண்டு. இரண்டு தலைமுறையில் நீங்கள் கேட்ட பால் வந்துவிடும். ஆனால் எட்டு ஈத்து நின்ற மடியையும் குளம்பையும் வெளியிலிருந்து வாங்கிவிட முடியாது, இந்தத் தாயிடமிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஒன்பதாவது ஈத்தில் கிடேரி பிறந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. சீம்பால் குடித்துவிட்டுத் தாயின் காலடியில் படுத்திருந்த அந்தக் கன்றின் வால் முடியை யாரும் இதுவரை பிடுங்கவில்லை.